அம்மாவின் சோர்வும் மூளையின் காவல் செல்களும்

கேள்வி: நாங்கள் பாம்பன் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில் இருக்கிறோம். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். அம்மாவுக்கு 48 வயது. சிறு வயதிலிருந்தே தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர். போன கார்த்திகையில் அவருக்குச் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது. மூட்டு வலி விடவில்லை. மருந்துக் கடையில் பேப்பரில் மடித்துக் கொடுக்கும் சின்ன வெள்ளை மாத்திரையைத் தை மாதத்திலிருந்து இரவில் போட்டு வருகிறார். போட்டால் மறுநாள் பாசிக்குப் போக முடிகிறது. ஆனால் ஆள் பழைய ஆள் இல்லை. யாரோடும் பேச்சில்லை, சொன்னது மறந்துபோகிறது, அப்பா கடலில் இருக்கும் இரவுகளில் படகு கரை சேரும்வரை விழித்தே கிடக்கிறார். மாதவிலக்கும் சில மாதங்களாகத் தள்ளித் தள்ளி வருகிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் நன்றாகத் தூங்கினார். மாத்திரையெல்லாம் நிறுத்திவிட்டு ஏர்வாடியில் சில நாள் தங்கவைக்கலாம் என்கிறார் பெரியம்மா. நான் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மூளைக்கென்று தனியாக நோயெதிர்ப்புச் செல்கள் உண்டு, கவலையும் ஹார்மோனும் அவற்றைக் கிளப்பிவிட்டால் அவை மூளையையே தின்னும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அம்மாவுக்கு நடப்பது அதுதானா? அந்தச் செல்களை அடக்க மருந்து உண்டா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

விளக்கத்துக்கு முன், காத்திருக்க முடியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேப்பரில் மடித்துத் தரும் அந்த மாத்திரையை நீங்களாகவோ பெரியம்மா சொல்லியோ ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டாம். அது என்ன மாத்திரை என்று தெரியும்வரை இப்போதுள்ள அளவிலேயே போகட்டும். இந்த வாரத்துக்குள் ஒரு மருத்துவரிடம் அதைக் காட்டிவிடுங்கள். ஏன் இப்படி அவசரப்படுத்துகிறேன் என்பது நீங்கள் கேட்டிருக்கும் செல்களைப் பற்றிப் பேசிக்கொண்டு போகும்போதே விளங்கிவிடும். அந்த மாத்திரை நான் நினைப்பதுதான் என்றால், அதற்கும் அந்தச் செல்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

காணொளியில் சொன்ன செல்களுக்கு மைக்ரோகிளியா என்று பெயர். ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் பியோ தெல் ரியோ ஓர்டேகா 1919-இல் இவற்றைச் சாயமேற்றித் தனி இனமாகப் பிரித்துக் காட்டினார். நரம்புச் செல்கள் கருவின் புறப்படையிலிருந்து வருகின்றன என்று நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். மைக்ரோகிளியா அந்த வம்சம் அல்ல. கருவின் மஞ்சட்கருப் பையில் தோன்றும் ஆதி விழுங்குசெல்கள், மூளை உருவாகத் தொடங்கும் நாட்களிலேயே உள்ளே குடியேறி, அதன்பின் வாழ்நாள் முழுவதும் அங்கேயே தம்மைப் பெருக்கிக்கொண்டு வாழ்கின்றன என்பது 2010-இல் எலிகளில் உறுதியாயிற்று. ஈரலிலும் நுரையீரலிலும் குப்பை அள்ளும் விழுங்குசெல்களுக்கு இவை ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளலாம்.

தொற்றோ காயமோ இல்லாத மூளையில் இவை சும்மா உறங்கிக் கிடக்கின்றன என்றே பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. 2005-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், உயிருள்ள எலியின் மண்டையோட்டை ஓரிடத்தில் மெல்லியதாகச் சீவி, அதன் வழியே சிறப்பு நுண்ணோக்கியில் பார்த்தன. செல்லின் உடல் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் மெல்லிய கிளைகள் நிமிடத்துக்கு நிமிடம் நீண்டும் சுருங்கியும் சுற்றிலும் தடவிப் பார்த்தபடியே இருந்தன. சில மணி நேரத்துக்கு ஒருமுறை மூளையின் ஒவ்வொரு மூலையும் இந்தக் கிளைகளின் தொடுதலுக்கு உள்ளாகிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். லேசர் ஒளியால் ஒரு புள்ளியில் சிறு காயம் செய்தபோது, அக்கம்பக்கத்துக் கிளைகளெல்லாம் அரை மணி நேரத்துக்குள் அங்கே திரண்டு, காயத்தைச் சுற்றி வேலி போல நின்றன.

இவை தின்னும் என்பதும் மெய்தான். இறந்த செல்லை, கசிந்த புரதத்தை, வளரும் பருவத்தில் தேவைக்கு மேல் முளைத்துவிட்ட நரம்பு இணைப்புகளை இவை விழுங்குகின்றன. விழுங்காவிட்டால்தான் மூளைக்குக் கேடு. முதுமை மறதி நோய் போன்ற சிலவற்றில் இந்த வேலை தடம் புரண்டு, நல்ல இணைப்புகளும் பறிபோவதற்கான சான்றுகள் உண்டு. அதை எடுத்துக்கொண்டு, கவலைப்படும் ஒவ்வொருவரின் மூளையும் உள்ளிருந்து அரிக்கப்படுகிறது என்று பரப்புவது, பார்ப்பவர்களைப் பயமுறுத்தி உட்காரவைப்பதற்கான உத்தி. உங்கள் அம்மாவின் மூளை தின்னப்படுகிறது என்று நினைக்க உங்கள் கடிதத்தில் எந்த அறிகுறியும் எனக்குத் தென்படவில்லை.

ஆனால் காணொளியின் முதல் பாதி, அதாவது இந்தச் செல்கள் ஹார்மோனுக்கும் நரம்புச் செய்திக்கும் செவிசாய்க்கின்றன என்பது, முழு உண்மை. என்னைக் கேட்டால், அவற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதன்மையான செய்தியே அதுதான்.

புயல் சின்னம் உருவானால் பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். அது யாருக்கென்று பெயர் எழுதி ஏற்றப்படுவதில்லை. கரையில் நிற்கும் எல்லோருக்கும் ஒரே செய்தி. அதைப் பார்த்து நாட்டுப்படகுக்காரர் ஒன்று செய்வார், விசைப்படகுக்காரர் வேறொன்று செய்வார். ரத்தத்தில் கலந்து வரும் ஹார்மோன் அந்தக் கூண்டைப் போன்றது. நரம்புச் செய்தியோ ஒரு படகிலிருந்து பக்கத்துப் படகுக்கு வாக்கிடாக்கியில் பேசுவது போல, குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நொடியில் போய்ச் சேர்வது. மைக்ரோகிளியாவின் மேற்பரப்பிலும் உள்ளும் இந்த இரண்டு வகைச் செய்திகளையும் வாங்கும் ஏற்பிகள் இருக்கின்றன.

நரம்புச் செய்தியை முதலில் பார்ப்போம். செல்கள் ஆற்றல் நாணயமாகப் பயன்படுத்தும் ஏடிபி என்ற மூலக்கூறு உள்ளே இருக்கும்வரைதான் நாணயம். செல் கிழிந்து அது வெளியே சிந்தினால் அபயக் குரல். மேலே சொன்ன லேசர் காயத்தை நோக்கிக் கிளைகள் ஓடியது இந்தக் குரலைக் கேட்டுத்தான். நலமாக இருக்கும் நரம்புச் செல்களோ ஃபிராக்டல்கைன் என்ற புரதத்தின் மூலம் ‘இங்கே தொந்தரவு ஒன்றுமில்லை’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. எலிகளில் அந்தச் செய்தி அறுந்தால், அடுத்து ஒரு தொற்று வரும்போது மைக்ரோகிளியா அளவுக்கு மீறிச் சீறுகிறது. பேச்சு ஒருவழிப் பாதையும் அல்ல. நரம்புச் செல் மிதமிஞ்சித் துடிக்கும்போது சிந்தும் ஏடிபியை மைக்ரோகிளியா உடைத்து, அது அடினோசின் என்ற அமைதிப்படுத்தும் மூலக்கூறாக மாற வழிசெய்து, அந்தத் துடிப்பையே தணிக்கிறது என்று 2020-இல் எலிகளில் காட்டினார்கள். எதிரி என்று நீங்கள் பயந்த செல் செய்யும் வேலையா இது என்று பாருங்கள்.

உங்கள் அம்மாவின் விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது நார்அட்ரினலின் என்ற நரம்புச் செய்திப்பொருள். மூளைத்தண்டில் நீலப்புள்ளி என்ற சிறு நரம்புத் திரள் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் இழைகள் மூளையின் பெரும்பகுதிக்கும் பரவி, நாம் விழித்திருக்கும்போதும், குறிப்பாகப் பதற்றத்தில் செவியைத் தீட்டிக்கொண்டு கிடக்கும்போதும் நார்அட்ரினலினைப் பொழிகின்றன. உறக்கம் ஆழ ஆழ அந்தப் பொழிவு குறைந்து, கனவு வரும் கட்டத்தில் ஏறக்குறைய நின்றே போகிறது. மைக்ரோகிளியாவின் மேல் இதை வாங்கும் பீட்டா-2 ஏற்பிகள் நிறைய உண்டு. பவளப் பூச்சிகள் பகலில் தம் கல் கிண்ணத்துக்குள் ஒடுங்கி, இருட்டிய பிறகு உணர்கொம்புகளை நீட்டி இரை தேடுவதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள மன்னார் வளைகுடாப் பாறைகளில் இரவுதோறும் நடப்பது அது. 2019-இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வகங்கள் தனித்தனியே கண்டதும் ஏறக்குறைய அதே காட்சிதான். விழித்திருக்கும் எலியில் நார்அட்ரினலின் மைக்ரோகிளியாவின் கிளைகளை ஒடுக்கி வைத்திருந்தது. மயக்கமருந்து கொடுத்து அந்தப் பொழிவு குறைந்ததும் கிளைகள் நீண்டு பரந்து தேடத் தொடங்கின. அதுவரை நடந்த ஆய்வுகளில் பல மயங்கிய எலிகளில் செய்யப்பட்டவை என்பதால், இந்தச் செல்களின் பகல் முகத்தை யாரும் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

காயங்களைச் சீர்செய்வதும் இணைப்புகளைத் திருத்துவதும் இந்த நீட்சியின்போது நன்றாக நடக்கின்றன என்பதை அதே ஆய்வுகள் காட்டின. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்துவது என் வழக்கமல்ல. இருந்தாலும், படகு வரும்வரை விழித்துக் கிடக்கும் ஒருவருடைய மூளையில் இரவு முழுவதும் நார்அட்ரினலின் குறையாமல் நிற்கிறது என்று சொல்ல எலி தேவையில்லை. படபடப்பும், வாயுலர்வும், கதவுச் சத்தத்துக்கே திடுக்கிட்டு எழுவதும் அதன் சாட்சிகள்தான். காலை எழுந்ததும் சொன்னது மறந்துபோவதற்கு இதைவிட எளிய காரணம் நான் தேட மாட்டேன்.

அடுத்தது வேகஸ் நரம்பு. மூளைத்தண்டில் தொடங்கிக் கழுத்து வழியே இறங்கி இதயம், நுரையீரல், குடல் என்று அலைவது. பாசி எடுக்க அம்மா தண்ணீரில் முகம் அமிழ்த்தி மூச்சடக்கியதும் இதயத் துடிப்பு தானாகக் குறைவதற்கு இதுதான் காரணம். முகத்து நரம்பு செய்தி சொல்ல, வேகஸ் இதயத்தின் கடிவாளத்தை இழுக்கிறது. வயிற்றிலும் மார்பிலும் அழற்சி கிளம்பினால் அந்தத் தகவலை மூளைக்கு ஏற்றிச் செல்வதும் வேகஸ்தான். ‘போதும், தணி’ என்ற உத்தரவை அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப்பொருள் வழியாக இறக்கிக் கொண்டுவருவதிலும் அதற்குப் பங்குண்டு. நியூயார்க்கில் கெவின் டிரேசி என்ற நரம்பறுவை நிபுணரின் குழு, வேகஸைத் தூண்டினால் எலிகளின் உடலில் அழற்சிப் புரதங்கள் குறைவதை 2000-இல் வெளியிட்டது. அந்த வழியில் வந்த, கழுத்தில் பொருத்தும் கருவி ஒன்றுக்கு முடக்குவாத மூட்டழற்சி நோயாளிகளுக்காக 2025-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதை வைத்துக்கொண்டு, ஐஸ் தண்ணீரில் முகம் கழுவினால் மூளை அழற்சி போய்விடும் என்று பரப்புகிறவர்களை நம்பாதீர்கள். அது உண்மையானால் முப்பது ஆண்டுகளாக மூழ்கி எழுகிற பாசிக்காரப் பெண்கள் ஒருவருக்கும் சோர்வே வரக்கூடாது.

இனி ஹார்மோன்கள். அட்ரினல் சுரப்பியின் கார்டிசால் விடியற்காலையில் ஏறி, விழித்தெழும் நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, பகலெல்லாம் மெல்ல இறங்கி, நள்ளிரவையொட்டி மிகத் தாழ்ந்திருக்கும். மைக்ரோகிளியாவுக்குள் கார்டிசால் ஏற்பிகள் ஏராளம். கார்டிசால் அவற்றோடு இணைந்து செல்லின் உட்கருவுக்குள் போய், அழற்சிப் புரதங்களைச் செய்யும் மரபணுக்களை அடக்குகிறது. ஆகவே கார்டிசால் என்றாலே அழற்சி அடங்கும் என்றுதான் நாங்களும் படித்தோம். கொலராடோ பல்கலைக்கழகக் குழு ஒன்று எலிகளில் வேறொரு நுட்பத்தைக் கண்டது: கிருமிப் பொருளைச் செலுத்திய பிறகு இந்த ஹார்மோனைக் கொடுத்தால் அழற்சி தணிகிறது, ஒரு நாள் முன்னதாகவே கொடுத்துவைத்திருந்தால், பின்னால் வரும் கிருமிப் பொருளுக்கு மூளையின் காவல் செல்கள் வழக்கத்தைவிடக் கடுமையாகச் சீறுகின்றன. எது முந்தி வந்தது என்பதைப் பொறுத்து ஒரே ஹார்மோன் அணைக்கவும் செய்கிறது, திரியைத் தயாராக்கியும் வைக்கிறது. அதோடு, கூண்டை மாதக்கணக்கில் இறக்காமலே விட்டால் பிறகு யாரும் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள் அல்லவா? நீடித்த மன அழுத்தத்தில் நோயெதிர்ப்புச் செல்கள் கார்டிசாலின் பேச்சுக்கு மந்தமாகிவிடுவதும் அப்படித்தான்.

பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆய்வகச் சோதனைகளில் அது பெரும்பாலும் மைக்ரோகிளியாவை அமைதிப்படுத்தும் பக்கமே நிற்கிறது. மாதவிலக்கு நிற்கப்போகும் ஆண்டுகளில் அதன் அளவு ஒரே சீராக இறங்குவதில்லை. ஒரு மாதம் எகிறும், மறுமாதம் விழும். தூக்கம் கலைவது, சொல்ல வந்த சொல் நாக்கில் நிற்காமல் போவது, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை இந்தப் பருவத்தில் மிகவும் பரவலானவை. பெரும்பாலான பெண்களுக்கு அவை மறதி நோயின் தொடக்கமும் அல்ல.

இவற்றோடு சிக்குன்குனியாவைச் சேர்த்துப் பாருங்கள். காய்ச்சல் வந்தால் பேச்சுப் பிடிக்காமல், சாப்பாடு இறங்காமல், சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடக்கிறோமே, அது உடல் பலவீனத்தால் மட்டும் நேர்வதில்லை. 1988-இல் பெஞ்சமின் ஹார்ட் என்ற கால்நடை மருத்துவ அறிஞர், நோயுற்ற விலங்கின் சுணக்கம் உடலே திட்டமிட்டு நடத்தும் ஒரு தற்காப்பு என்று வாதிட்டார். சுகமில்லாத ஆடு மந்தையை விட்டு ஒதுங்கி இரை எடுக்காமல் நிற்பதைக் கண்டவர்களுக்கு இது உடனே விளங்கும். உடலில் எழும் அழற்சிச் செய்தி ரத்தத்தின் வழியாகவும் வேகஸ் வழியாகவும் மூளையை எட்டுகிறது. மைக்ரோகிளியா அதை வாங்கி, தானும் அதே புரதங்களைச் சுரந்து பெருக்குகிறது. அதன் வெளித்தோற்றம்தான் அந்தச் சுணக்கம். தொற்று நீங்கினால் அதுவும் நீங்க வேண்டும். ஆனால் சிக்குன்குனியாவுக்குப் பின் பலருக்கு மூட்டழற்சி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. மூட்டு அழுதுகொண்டிருக்கும்வரை மேலே செய்தி போய்க்கொண்டுதான் இருக்கும்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். பெயரில்லாமல் மடித்துத் தரப்பட்ட, ஒரே இரவில் மூட்டு வலியைக் காணாமல் ஆக்கும் சின்ன வெள்ளை மாத்திரை என்றால், அது டெக்ஸாமெத்தசோன் அல்லது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு என்றுதான் என் அனுபவம் சொல்கிறது. பார்க்காமல் அறுதியிட மாட்டேன். ஸ்டீராய்டு என்பது வேறொன்றுமில்லை, கார்டிசாலின் செயற்கை உறவு. 1948-இல் அமெரிக்காவில் பிலிப் ஹெஞ்ச் அந்த இனத்து மருந்தை மூட்டழற்சி நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகக் கொடுத்தபோது, படுக்கையிலிருந்து எழ முடியாதவர் சில நாட்களில் நடந்தார். 1950-இல் ஹெஞ்சுக்கும் அவரோடு கெண்டல், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சரியான நோய்க்கு, சரியான அளவில், சரியான நாட்களுக்குக் கொடுத்தால் இன்றும் உயிர்காக்கும் மருந்து. ஆகவே அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். அன்றன்று கடலுக்குப் போனால்தான் கையில் காசு என்று இருப்பவர், எழுந்து நடக்கவைக்கிற மாத்திரையை விட்டுவிடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 0.5 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் ஒன்று, நலமான உடல் ஒரு நாள் முழுவதும் சுரக்கும் கார்டிசாலுக்கு ஏறக்குறைய ஈடு. வெளியிலிருந்து அவ்வளவு வந்துகொண்டிருந்தால், நம் வேலை முடிந்தது என்று, அட்ரினலுக்குக் கட்டளையிடும் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரி தன் கட்டளையை நிறுத்திக்கொள்கிறது. அட்ரினல் சுரப்பி வேலையில்லாமல் சுருங்கத் தொடங்குகிறது. மூன்று நான்கு வாரத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தாலே இது நேரலாம். உங்கள் அம்மா தை மாதத்திலிருந்து எடுக்கிறார். இந்த நிலையில் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், கடும் அயர்வு, ரத்த அழுத்தம் சரிவது, சில வேளைகளில் மயங்கி விழுந்து உயிருக்கே ஆபத்து என்று போய்விடும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ சேர்ந்துகொண்டால் ஆபத்து இரட்டிப்பு. பெரியம்மாவின் யோசனையில் என்னைத் திடுக்கிட வைத்தது ஏர்வாடி அல்ல, ‘மாத்திரையெல்லாம் நிறுத்திவிட்டு’ என்ற சொற்கள்தான். அம்மாவுக்கு மன ஆறுதல் கிடைக்குமானால் தர்காவுக்குப் போய் வரட்டும். மாத்திரை கூடவே போக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. டெக்ஸாமெத்தசோன் குறைந்த அளவில் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள ஒரு புரதம் அதை வெளியே தள்ளிவிடுகிறது என்று எலிகளில் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். உடலின் சொந்தக் கார்டிசாலை அது நிறுத்திவிடுகிறது, அந்த இடத்தைத் தான் போய் முழுதாக நிரப்புவதும் இல்லை. மூட்டு ‘நலம்’ என்று சொல்லும்போதே மூளை தன் வழக்கமான விடியற்காலைக் கூண்டைக் காணாமல் தடுமாறக்கூடும். மூட்டு வலி குறைந்தும் மனம் இருண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் என்ற அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ஊகம் தேவைப்படாத விஷயம், அவர் அதை இரவில் போடுகிறார் என்பது. இரவில் எடுக்கும் ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும் என்பது எல்லா மருத்துவரும் அறிந்தது. அதனால்தான் ஸ்டீராய்டு தேவைப்படுகிறவர்களுக்குக் காலை உணவுக்குப் பின் எடுக்கச் சொல்கிறோம்.

தடைக்காலத்தில் அம்மா நன்றாகத் தூங்கினார் என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பதை மிகவும் மதிக்கிறேன். பல நோயாளிகளின் கோப்பில் இந்த அளவுக்குப் பயனுள்ள ஒரு வரி இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அப்பா கரையில் இருந்தார். அதே மாத்திரை, அதே மூட்டு, அதே வயது, தூக்கம் மட்டும் வந்தது. அப்படியானால் விழிப்புக்குப் பாதிக் காரணம் கடலில் இருக்கிறது என்று சொல்லத் தோன்றும். ஆனால் பாசி எடுப்பதையும் அந்தப் பருவத்தில் சில வாரங்கள் நிறுத்திவைப்பது வழக்கமாயிற்றே. மூட்டுக்கும் அப்போது ஓய்வு கிடைத்திருக்கும். மாத்திரையை அந்த நாட்களில் குறைவாகப் போட்டாரா என்பதையும் கேட்டுப் பாருங்கள். எல்லை தாண்டியதாகச் சொல்லிப் பிடித்துப்போகும் செய்தி அடிக்கடி வருகிற கடற்கரையில், விழித்திருக்காதீர்கள் என்று ஒரு மனைவிக்கு மருந்துச்சீட்டு எழுதித் தர என்னால் முடியாது. படகு திரும்பி அலைபேசி சிக்னல் கிடைத்ததும் அப்பா ஓர் அழைப்பு விடுக்கட்டும். அந்த அழைப்புக்காக விழித்திருக்கும் முறையை வாரத்தில் ஓரிரு இரவாவது நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அழைப்பு வந்தால் எழுப்புவேன் என்று சொல்லி அம்மாவைப் படுக்கவையுங்கள். மனம் நம்பும் ஒருவர் காவலிருந்தால் நீலப்புள்ளி தன் குரலைத் தாழ்த்தும்.

செல்களை அடக்க மருந்து உண்டா என்று கேட்டிருந்தீர்கள். மைக்ரோகிளியாவைத் தணிக்கும் என்று ஆய்வகத்தில் பெயர்பெற்ற மினோசைக்ளின் என்ற மருந்தை, தசைகளைச் செயலிழக்கவைக்கும் ஒரு கொடிய நரம்பு நோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2007-இல் முடிவு வந்தபோது, மருந்து எடுத்தவர்கள், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களைவிட விரைவாக நலிந்திருந்தார்கள். காவல்காரரின் வாயைப் பொத்தினால் திருட்டு நின்றுவிடாது. அவருக்குப் போய்ச்சேரும் செய்திகளைத் திருத்துவதுதான் இன்றைக்கு நம் கைக்கு எட்டிய வழி: மூட்டழற்சியை முறையாக ஆற்றுவது, தூக்கத்தை மீட்பது, ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்துச் சொந்தச் சுரப்பியை எழுப்புவது. மைக்ரோகிளியாவின் நிலையைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் மருத்துவமனைகளில் கிடையாது. யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்கு அம்மாவை அழைத்துப் போங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு, சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வார்கள். காலை நேரக் கார்டிசால் அளவையும் பார்க்க முடியுமா என்று நீங்களே கேளுங்கள். முகம் உருண்டிருக்கிறதா, லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகிறதா, வயிறு மட்டும் பெருத்துக் கைகால் மெலிந்திருக்கிறதா என்பதை முன்கூட்டியே கவனித்து வைத்திருந்து சொன்னால் மருத்துவருக்கு வேலை பாதி குறையும். மாதவிலக்கு விவரத்தை அம்மா கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆர்வமில்லாமல் இருப்பது மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். அதற்கு அங்கேயே மனநலப் பிரிவு இருக்கிறது. ‘இருந்து என்ன ஆகப்போகிறது’ என்ற தொனியில் ஒரு வார்த்தை அம்மாவின் வாயிலிருந்து வந்தாலும் காத்திருக்காமல் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.

மருந்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். போனால் அடுத்த முறை உண்மையைச் சொல்ல மாட்டார். அம்மா போட்டுவரும் மாத்திரையின் பெயரையும் மில்லிகிராமையும் ஒரு தாளில் எழுதித் தரும்படி மட்டும் கேளுங்கள். தராவிட்டால் மீதமுள்ள மாத்திரையை அந்த மடித்த பேப்பரோடு அப்படியே எடுத்துச் செல்லுங்கள். தாளின் பின்பக்கத்தில், எந்தத் தேதியிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை என்று உங்கள் கையால் எழுதிவையுங்கள். மருத்துவமனைக்குப் போவதற்குள் அம்மாவுக்குக் காய்ச்சலோ வாந்தியோ வந்துவிட்டால், நள்ளிரவாக இருந்தாலும் 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய், ‘மாதக்கணக்காக ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துவருவதாகச் சந்தேகம்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.